ஓட்டில்தான் கோளாறு

“கீழே நின்னு எழுதிட்டுப் போறதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு தடவை மேல ஏறிப் பாருங்க.”

வீட்டுக்காரப் பெண் கோபமாகச் சொல்லவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்து, அதன் அடியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஓட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆய்வாளர், பாதி எழுதிய படிவத்தை மூடிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

வீடு கட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கதவில் இன்னும் வார்னிஷ் வாசனை போகவில்லை. ஆனால் கூடத்துச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குண்டான், அலமாரிக்கு அடியில் ஒரு வாளி. இரண்டிலும் முந்தின நாள் மழைத் தண்ணீர்.

ஆய்வாளருக்கு இது புதிதில்லை. ஒழுகும் வீட்டுக்குப் போவார், அண்ணாந்து பார்ப்பார், ‘ஓடு வேய்ந்தவரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முழங்கால் வலி வந்ததிலிருந்து ஏணிப் பக்கமே போவதில்லை. இன்று என்னவோ, அந்தப் பெண் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்த பிறகு மறுக்க வாய் வரவில்லை. ஏறினார்.

அவள் கீழிருந்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். சரிவு போதுமா என்று அளக்கச் சொன்னாள். அளந்தார், சரியாக இருந்தது. மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தார், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரு விரல்கூட முன்னே பின்னே இல்லை. ஓடுகளைத் தாங்கும் மரச்சட்டங்கள் நூல் பிடித்த மாதிரி ஓடின. முகட்டுப் பூச்சில் மயிரிழை வெடிப்புகூடக் கிடையாது.

குறை கண்டுபிடிக்க ஏறியவருக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

ஓர் ஓட்டைக் கழற்றித் திருப்பினார். காலையிலிருந்து வெயில் காய்ந்தும் அடிப்பக்கம் ஈரம். விரல் முட்டியால் தட்டினார். நன்றாக வெந்த ஓடு கணீரென்று சொல்லும். இது மரப்பலகை மாதிரி மொத்தென்றது. நாலைந்து ஓடுகளை இறக்கி வாசலில் செங்கல் மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். கால் மணி நேரத்தில் எல்லாவற்றின் அடியிலும் முத்து முத்தாகத் துளிர்த்தது.

சூளையில் வேகாத ஓடு. பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

அவர் சற்றுத் தள்ளிப் போய் மேலாளருக்கு போன் செய்தார். பேசிவிட்டு முகம் மலர்ந்து திரும்பினார். கூரை முழுவதுக்கும் புது ஓடு தர மேலாளர் சம்மதித்துவிட்டார், நாளைக்கே வண்டி வரும், ஆளும் கம்பெனியே அனுப்பும் என்று சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. அறிக்கையில் மட்டும் வேய்ந்தவர் தவறு என்றே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அதே சூளையில் சுட்ட ஓடுகளை வாங்கியவர்கள் எல்லாரும் கம்பெனி வாசலில் வந்து நிற்பார்கள்.

“அப்படின்னா எனக்கு ஓடு வேண்டாம் சார்,” என்றாள் அவள்.

ஆய்வாளர் தன் காதையே நம்பவில்லை. மழைக்காலம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இரண்டு மாதம் கொட்டும் என்று எடுத்துச் சொன்னார். வாளியும் குண்டானும் வைத்துச் சமாளித்துக்கொள்வதாக அவள் சொன்னாள். கோர்ட்டுக்குப் போகிற எண்ணமா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை என்றாள்.

“பின்ன எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? வேய்ஞ்சவன் பேர் கெட்டா உங்களுக்கு என்ன? உங்க வீடு ஒழுகாம இருந்தாப் போதாதா?”

“நீங்க கண்ணால பார்த்ததை எழுதுங்க சார். அது போதும்.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். மேலாளர் சும்மா விடமாட்டார். ஆனாலும், பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த அந்த வரிசைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் ஏறிப் பார்க்காமலே எத்தனை பேர் தொழிலில் மண்ணைப் போட்டோமோ என்ற நினைப்பு நெஞ்சைக் குடைந்தது. பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘வேய்ந்ததில் எந்தக் குறையும் இல்லை. ஓட்டில்தான் கோளாறு.’ கீழே அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

“மேல என்ன ஆனாலும் நான் பார்த்துக்கறேன். உங்களுக்கு வரவேண்டிய ஓட்டையும் வாங்கித் தரேன். ஆனா ஒண்ணு சொல்லணும்மா, இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்ல. இப்ப எங்க வேலை செய்யறார் அவர்?”

அவள் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைக் கூடம் வழியாகப் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே சாத்தியிருந்த ஓர் அறைக்கதவுக்கு முன்னால் நிறுத்தி, காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“பொண்ணு வீட்டையே ஒழுக விட்டுட்டேனேன்னு, முதல் மழையில இந்தக் கதவைச் சாத்தினவர் சார், இன்னும் கொத்துக் கரண்டியைத் தொடல,” என்றாள் மெல்லிய குரலில். “நீங்களே கொஞ்சம் சத்தமாப் படிங்க, நான் படிச்சா, அப்பாவைத் தேத்தறதுக்குப் பொய் சொல்றேன்னு நினைச்சுக்குவார்.”