தேவையில்லாத வரிகள்

நெய்க்காரப்பட்டி விபத்தில் ராபின் இறந்த பிறகு, அவன் எழுதிய கணினி நிரலை மனைவி டெய்சிதான் திண்டுக்கல் வீட்டிலிருந்து தினமும் காலையில் ஓட்டினாள். ஊர் ஊராக மழைத் தகவல் இறங்க இறங்க, "கீரனூர் வந்தாச்சு" என்பதுபோல் திரையில் ஒவ்வொரு வரியாக ஓடும். திங்களன்று கடைசியில், நிரலில் எங்குமே இல்லாத ஒரு வரி வந்தது: "பழநி தாண்டிட்டேன் டெய்சி." செவ்வாயன்று, "ஒட்டன்சத்திரம் வந்துட்டேன்." டெய்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. புதனன்று விடிந்ததும் வீட்டைக் கழுவி, மீன் குழம்பு வைத்தாள்.

அதற்குள் தங்கை நான்சி கணினி முன் உட்கார்ந்து நிரலை ஓட்டிவிட்டாள். "எதுக்குக்கா இம்புட்டு வரி? ஒண்ணும் காட்டாதன்னு போட்டுட்டேன். அது பாட்டுக்கு இறங்கிருச்சு." திரை வெறுமையாக இருந்தது.

டெய்சி அதை மாற்றி மறுபடி ஓட்டினாள். ஊர்களெல்லாம் வந்தன. கடைசி வரியும் வந்தது: "வாசல்ல நின்னு அம்புட்டு நேரம் கூப்பிட்டேன். நீ பேசல. போறேன்."