ஏழும் இரண்டும்

"மொத்தத்தையும் வெச்சுட்டேன். தைரியம் இருந்தா நீயும் வை" என்று ராய்ஸ் தன் பந்தய வில்லைகளையெல்லாம் மேசை நடுவில் தள்ளினான்.

வேகாஸ் போக்கர் போட்டியின் கடைசி மேசை அது. மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து இந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு; தெல்மாவின் கையில் இரண்டு ஏஸ். அதைவிடப் பெரிய கை கிடையாது. அவள் பந்தயத்தை ஏற்றால், வில்லையெல்லாம் இழந்து ராய்ஸ் அநேகமாகப் போட்டியை விட்டே வெளியே.

"என்ன, தூங்கிட்டியா?"

"முப்பது வருஷமா பார்க்கிறேன். கையில ஒண்ணும் இல்லாதப்பதான் உனக்கு வாய் நீளும்."

"அப்புறம் என்ன பயம்? வையேன்!"

எதிரே இருந்த தொப்பிக்காரர் சலித்துக்கொண்டார். "இவங்களுக்கு நேரம் வைங்கப்பா."

"ஒரு நிமிஷம்தான், மேடம்" என்றாள் சீட்டுப் போடும் பெண்.

தெல்மா அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டை இரண்டு சுற்று பெரிதாகத் தொங்கியது. டாக்டர் சொன்ன கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. கட்டிய கணவனை அவனுடைய கடைசிப் போட்டியிலிருந்து தன் கையாலேயே வெளியேற்றுவதா?

இரண்டு ஏஸையும் கவிழ்த்தாள்.

ராய்ஸின் முகம் செத்துப்போயிற்று. தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கை கிடையாது.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று அவள் காதோடு முனகினான். "வலி உயிர் போகுது. பாதியில எழுந்து போனா, ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டாயப் பந்தயம்னு என் வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாருமா எடுத்துக்குவாங்க. அத்தனையும் உனக்கே குடுத்துட்டுப் போய்ப் படுக்கலாம்னு பார்த்தேன்."

சீட்டுப் போடும் பெண், நடுவில் கிடந்த வில்லைகளை அவன் பக்கமே தள்ளிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தாள்.