முப்பத்தோராம் நாளுக்கு முன்

எண்பதாவது வீட்டிலும் அதே பதில்தான்.

"பிறந்து செத்த பிள்ளையள் ஒண்டும் இல்லை, டொக்டர். பெத்த மூண்டும் இருக்குதுகள்." யோகம்மா நிமிராமலே, கருவாட்டைப் புரட்டிக்கொண்டு சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதமாக லிங்கநகரிலிருந்து சல்லி மீனவக் கிராமத்துக்குச் சைக்கிள் மிதிக்கிறேன். அம்மன் கோயிலடிக்கு அப்பால் மிதிக்கவும் ஏலாது, மணலில் உருட்டல்தான். றோணியோ மெசினில் பிரதி எடுத்த படிவங்களில் வியர்வை பட்டு மை ஊறிவிட்டது. அதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று. கடந்த ஐந்து வருடத்தில், ஒரு வயதுக்குள் இறந்த பிள்ளைகள் எத்தனை?

எண்பது வீட்டிலும் பூச்சியம்.

பொதுச் சுகாதார மேற்படிப்புக்கு இதுதான் என் இறுதி ஆய்வு. முதல் ஐம்பது படிவங்களைப் பார்த்த பேராசிரியர், ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். 'இது சல்லியா, சொர்க்கமா?' நான் வீட்டில் குந்தியிருந்து நிரப்பினேன் என்று நினைக்கிறார்.

அவர் நினைத்துவிட்டுப் போகட்டும். இந்த ஊருக்கு ஒரு மருத்துவிச்சி வேண்டுமென்று மூன்று வருடமாகச் சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுதுகிறேன். இறப்பு எண்ணிக்கையைக் காட்டுங்கள், பார்க்கலாம் என்கிறார்கள். இங்கிருந்து மீன் லொறியில் வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே குளிர்ந்துபோன பிள்ளைகளை இந்தக் கையால் வாங்கியிருக்கிறேன். அதுகளெல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைகள்?

கேள்வியில் பிழை இருக்குமோ என்று தொடக்கத்திலேயே பார்த்தாயிற்று. முதலாம் இலக்கப் படிவத்தை உங்கள் வீட்டுக்கே நிரப்புங்கள், பிழை இருந்தால் அதிலேயே பிடிபடும் என்று சொல்லித்தான் பேராசிரியர் எங்களை அனுப்பினார். சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்து இரண்டு நிமிடத்தில் நிரப்பினேன். பிழை ஒன்றும் பிடிபடவில்லை.

யோகம்மாவின் படிவத்தையும் பையில் திணித்தேன். வெயில் தாங்கவில்லை. வேலியோரப் பூவரச மரத்தடியில் ஒதுங்கினேன்.

கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, அதில நிக்காதேங்கோ! பிள்ளையை மண்ணுக்குள்ள தாட்ட இடம்."

குனிந்து பார்த்தேன். மணலில் ஒரு முழ இடத்தைச் சுற்றி மூன்று முருகைக்கல். ஒன்றின் மேல் என் செருப்பு.

துள்ளி விலகினேன். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது.

"அப்ப ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?" கத்தியேவிட்டேன்.

அவள் குனிந்தாள். நான் சரித்த கல்லை நிமிர்த்தி, சுற்றி மணலை அணைத்தாள்.

"பன்னிரண்டு நாள்தானே இருந்தது, டொக்டர். பிள்ளைப்பெத்த துடக்குக் கழிச்சு, முப்பத்தோராம் நாள் பேர் வைச்சால்தானே பிள்ளையெண்டு சொல்லுறது. அதுக்கு முந்திப் போனதை ஆரும் கேட்டால் சொல்லுறேல்லை. இஞ்ச ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

இங்கே ஒருத்தரும். எண்பது வீட்டிலும்.

கேள்வியை மாற்றி எழுதி, எண்பது வீட்டுப் படலையையும் மறுபடி திறக்க வேண்டும். ஆய்வைக் கையளிக்க இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. படியாத சனம், என் இரண்டு மாதத்தையும் மண்ணாக்கிப் போட்டார்கள் என்று திட்ட வாயெடுத்தேன்.

சாப்பாட்டு மேசையில் நான் நிரப்பிய படிவம் நினைவு வந்தது.

சைக்கிள் கரியரில் இருந்த படிவக் கட்டை அவிழ்த்தேன். முதலாம் இலக்கப் படிவம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. தாயின் பெயர்: டொக்டர் புஸ்பராணி. இருக்கும் பிள்ளைகள்: ஒன்று. இறந்தவை: இல்லை. கையெழுத்து நல்ல வடிவாக இருந்தது.

பேனையை எடுத்து 'இல்லை'யை வெட்டினேன். பக்கத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். இறந்தபோது வயது: 19 நாள்.

யோகம்மா வந்து அருகில் நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியுமோ தெரியாது. பத்தொன்பதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த கட்டத்தில் பிள்ளையின் பெயரைக் கேட்டிருந்தது.

அதில் என்ன எழுதுவதென்று அவளிடம்தான் கேட்டேன்.