மேம்பாலத்துக் கை

குமுதவல்லியின் சைக்கிளுக்கு மோட்டார் வைக்க மாட்டேன் என்று வெல்டிங் பட்டறை சவரிமுத்து ஒரே பிடியாக நின்றார். மூன்றரை அடி உயரமுள்ள அவளுக்கு அளவெடுத்து அந்தக் குட்டிச் சைக்கிளைச் செய்து கொடுத்தவரே அவர்தான்.

"பேட்டரி கனம் கனக்கும்மா. பாதி வழியில சார்ஜ் தீந்தா உன்னால மிதிக்க முடியாது. யாராச்சும் தள்ளித்தான் விடணும்."

"தீந்தா நானே எறங்கித் தள்ளிக்கிறேன். நீங்க மாட்டுங்கண்ணே."

பதினோரு வருடமாக வேலைக்குப் போகும் வழியில் அவள் ஒரு மேம்பாலம் ஏறுகிறாள். ஏற்றம் தொடங்கியதும் பைக்கில் வருகிற யாராவது, கேட்காமலேயே, அவள் முதுகில் கை வைத்து உச்சிவரை தள்ளிக்கொண்டு போவார்கள். தினமும் வேறு வேறு கை. வேண்டாம் என்று அவள் கத்துவது யார் காதிலும் விழுந்ததில்லை.

கடைசியில் சவரிமுத்து இறங்கிவந்தார். நான்காம் நாள் வண்டி தயாரானது. வலப்பக்கம் ஒரு கண்ணாடியும் வேண்டும் என்றாள்.

"இந்த வேகத்துக்குக் கண்ணாடி எதுக்கும்மா?"

"வேணும்ணே."

மறுநாள் காலை மோட்டாரைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றத்தில் மிதித்தாள். பாதி ஏறுவதற்குள் முதுகில் சூடாக ஒரு கை பதிந்தது.

"பயப்படாத பாப்பா, அண்ணன் இருக்கேன்."

இருபது வயதுகூட இராத குரல். அவளுக்கு நாற்பத்திரண்டு.

ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். சைக்கிள் விருட்டென்று பாய்ந்தது. திகைத்துப்போனவன் நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் பிரேக் பிடித்து நின்றுவிட்டான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அந்தக் கை சிறுத்துக்கொண்டே போனது.