மூங்கில் குடித்த உலோகம்

“சீக்கிரம் திறம்மா, எனக்கு இருப்புக்கொள்ளலை!”

ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் உலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்றைக்கும் மூங்கில் குழாய் வெடித்திருந்தால் நாளைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. மூங்கிலைக் கரியாக்கி, உருகிய சிலிக்கனைக் குடிக்க வைத்தால் அது இரும்பையே தோற்கடிக்கும் பீங்கானாகிவிடும் என்பது ஏட்டுக் கணக்கு. இதுவரை போட்ட மூங்கிலெல்லாம் சோளப்பொரி மாதிரி வெடித்ததுதான் மிச்சம்.

உலைக்குப் பொறுப்பான பெண் கதவைத் திறந்தாள். உள்ளே முழுசாக ஒரு குழாய். மேலெல்லாம் சிலிக்கன் வழிந்து இறுகி, உருகி நின்ற மெழுகுவர்த்தி போல இருந்தது.

“ஒரு விரிசல் இல்லை! ஏம்மா, நீ மட்டும் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“ஒண்ணுமில்லை சார். இதுவும் வெடிச்சிடும்னு நினைச்சேன்.”

“நல்லதா நினையேன்! உன் வீட்டுக்குக் கீழேயேதான் குடியிருக்கேன், ஒருநாளாவது சிரிச்சுப் பார்த்ததில்லை. எனக்குப் பாரு, ரெண்டு நாளா விடிஞ்சது தெரியாம தூக்கம். நல்ல காலம் பொறந்துடுச்சு!”

குழாயைத் தரையில் போட்டார். தரை ஓடு உடைந்தது. சம்மட்டியை எடுத்தார்.

“போதும் சார்.”

“சும்மா இரும்மா!”

ஓங்கி ஓங்கி அடித்தார். மேல்தோலாக ஒட்டியிருந்த சிலிக்கன் சில்லு சில்லாகத் தெறித்தது. சம்மட்டியின் காம்பு முறிந்தது. குழாய் அசரவில்லை.

“ஜெயிச்சுட்டோம்! இதுக்குச் சாவே கிடையாது! ஆமா, எல்லாம் வெடிச்சுதே, இந்த மூங்கில் மட்டும் எப்படித் தாங்குச்சு?”

“இது வருஷக்கணக்கா காய்ஞ்சது சார். எங்க வீட்டுல கிடந்தது. எப்படியும் ஒழிஞ்சுடும்னுதான் போட்டேன்.”

“எது ஒழிஞ்சுடும்னு?”

அவள் உலைக் கதவைச் சாத்தத் திரும்பினாள். இயக்குநர் குழாயை ஆசையாக வாயருகே தூக்கித் தூசியை ஊதினார்.

கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையும் கன்றைத் தொலைத்த பசுவும் சேர்ந்து பாடியது போல ஒரு சத்தம் கிளம்பியது. இரண்டு நாள் முன்புவரை தினமும் விடியற்காலையில் அவர் வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிய அதே சத்தம்.

குழாயைத் திருப்பிப் பார்த்தார். சிலிக்கன் உதிர்ந்த இடத்தில் வரிசையாகத் துளைகள்.

“அம்மா... உன் வீட்டுக்காரரோட புல்லாங்குழலா இது?” குரல் இறங்கிவிட்டது. “இதை உடைக்க வழியே இல்லையா?”

“நீங்கதானே சார் இப்போ அடிச்சுப் பார்த்தீங்க?”