வெள்ளிக்கிழமைச் செருப்பு

செல்வசிங்குக்கு ஒரே கடுப்பு. லீவு நாளான வெள்ளிக்கிழமை சர்ச் ஆராதனைக்குப் போகவிடாமல் அவசர டூட்டி போட்டுவிட்டார்கள். துபாய் அல் கூஸில் இருந்த பட்டறை வாசலில், வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மாவட்டத்துத் தேவாலயங்களின் நூறு வருஷப் பழைய படங்கள். நாற்பதுக்கும் ஃப்ரேம் போட வேண்டும்.

ஒரு படத்தில், நேற்று சாத்தியிருந்த கோயில் கதவு இன்று திறந்திருந்தது. படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இடது வாரில் ஊக்கு. ஓடிப்போய் வாசலைப் பார்த்தான். அவன் செருப்பைக் காணோம்.

கூட வேலை பார்க்கும் கார்மேகம் விழுந்து விழுந்து சிரித்தான். “நீ போகாட்டி என்ன மாப்ள, ஒன் செருப்பு போயிருச்சுல்ல!”

பன்னிரண்டு மணிக்குப் படத்தில் கதவு மறுபடி சாத்தியிருந்தது. செருப்பு பட்டறை வாசலில் கிடந்தது, ஆகஸ்ட் வெயிலில் மழைநீர் சொட்டச் சொட்ட, ஊக்கில் ஒரு பச்சைப் புல்லோடு.