எழுந்திருக்காத மருமகள்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த பேராச்சியைப் பார்த்தும் சுகந்தி நாற்காலியை விட்டு எழவில்லை.

“வாங்க சித்தி. அந்தச் சேர்ல உக்காருங்க” என்றாள், இருந்த இடத்திலிருந்தே.

பேராச்சிக்குச் சுருக்கென்றது. வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி, உடம்பு முடியாத அண்ணனைப் பார்க்கத் தென்காசி வந்திருக்கிறாள். அண்ணன் மருமகளுக்கு எழுந்திருக்கக்கூட முடியவில்லையாம்.

பக்கத்திலேயே அண்ணன் சிவனணைந்தபெருமாள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

எப்படிப்பட்ட மனுஷர் அவர். குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருந்தபோது, யார் படியேறி வந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். சீசனுக்குப் பிள்ளைகளோடு போகிற பேராச்சிக்கும் எழுந்திருப்பார். தங்கச்சிக்கு எதற்கு என்று கேட்டால், கூடப் பொறந்த பொண்ணுக்கு எந்திக்காம வேற யாருக்கு எந்திக்க என்பார். பிறகு பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் வீட்டுக்கு வாய்த்த மருமகள் இப்படி.

“உக்காருங்க சித்தி.” சுகந்தியின் குரலில் இப்போது அவசரம் இருந்தது.

“நான் நின்னுக்கிடுதேன் தாயி. நீ நல்லா சாஞ்சு உக்காரு.”

சத்தம் கேட்டு அண்ணன் நிமிர்ந்தார். எதிரே ஆள் நிற்பதைப் பார்த்ததும், “வாங்க, வாங்க” என்று சட்டென எழுந்தார்.

தங்கச்சியை அவர் ஒருநாளும் ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. பேராச்சி திகைத்து நிற்கும்போதே அவர் முகம் வெளுத்தது, கால் துவண்டது.

சுகந்தி பாய்ந்து தாங்கினாள். மெல்லத் தரையில் படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

பேராச்சி அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் சுகந்தி சொன்னாள். மாமாவுக்கு வந்திருப்பது லூயி பாடி என்கிற மறதி நோயாம். அது மறதியோடு நிற்காதாம். எழுந்து நிற்கும்போது பிரஷரைப் பிடித்து நிறுத்தும் நரம்பையும் கெடுத்துவிடுமாம். எழுந்த வேகத்தில் பிரஷர் இறங்கி, போன மாதம் விழுந்ததில் நெற்றியில் மூன்று தையல்.

“அதுக்கு நீ உக்காந்தே இருக்கணுமாட்டி?” என்று கேட்டாள் பேராச்சி.

“மாமாவுக்கு ஆளு அடையாளந்தான் போயிட்டு சித்தி, மரியாத போகல. வாரவுகளுக்கு நான் எந்திச்சா, மாமாவும் கூடவே எந்திச்சிருதாவ.”